கணக்கு முடித்துக்கொண்டு போக முடியுமா?



திருப்பூர் வீரபாண்டிப் பிரிவுக்குப் பக்கத்தில் பவர் டேபிள் தையல் கூடம் நடத்தும் வாசகர் ஒருவர் அண்மையில் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு மெஷின். கையில் கொண்டுவந்த படிவத்தை மேசைமேல் வைத்தார். அவருக்கு ஜாப் ஒர்க் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி அனுப்பியது. முழுக்க ஆங்கிலம். “ஏனுங்க, நானே கைமடியா வேலைக்குச் சேந்து, டெய்லராகி, கடன் வாங்கி மெஷின் போட்டவன். என்னையப் பாத்து அடிமை வெச்சிருக்கறயான்னு கேட்டிருக்கறாங்க. இதுக்கு என்னங்க எழுதறது?” என்றார்.

அவர் மனம் நொந்ததில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த மாதம் அதைப் பற்றியே உங்களோடு பேசலாம் என்று நினைத்தேன்.

படிவம் எங்கிருந்து கிளம்பியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2015-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குச் சரக்கு வரும் இடங்களிலும் கட்டாய உழைப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் எழுதி வெளியிட வேண்டும். ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியில் அமலானது. சீனாவின் சின்ஜியாங் பருத்தியைத் தடுக்க அமெரிக்கா இயற்றிய சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்ததும், பஞ்சு எந்த ஊர்ப் பஞ்சு என்ற கேள்வி திருப்பூருக்கும் வந்து சேர்ந்தது. கட்டாய உழைப்பில் உருவான பொருள் எதையும் சந்தைக்குள் விடுவதில்லை என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 டிசம்பரில் அமலாகிறது. லண்டன் கடைக்காரர் எக்ஸ்போர்ட்டரைக் கேட்க, எக்ஸ்போர்ட்டர் ஜாப் ஒர்க்காரரைக் கேட்க, படி இறங்கி இறங்கி அது வீரபாண்டியின் ஒரு சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே வந்து நிற்கிறது.

பதினெட்டு மெஷின்காரரை பிரிட்டிஷ் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. நம் நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்தும். அரசியலமைப்பின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், ஒருவரைப் பிணைத்து வைக்கும் கடனையே செல்லாததாக்கி, அப்படி வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளை ஒட்டி எழுந்த வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் 23-வது பிரிவு சொல்லும் கட்டாய உழைப்புதான். ஆள் வைத்து அடிக்க வேண்டியதில்லை, பசியும் வறுமையுமே ஒருவரைக் கட்டாயப்படுத்தும் என்றது அந்தத் தீர்ப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சட்டத்தின் மொழி சுற்றி வளைக்கும். வேலை கொடுக்கும் நமக்கு ஒரே கேள்வி போதும். நம்மிடம் வேலை பார்க்கும் ஒருவர், அவர் யாராக இருந்தாலும், இந்தச் சனிக்கிழமை கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்றால் போக முடியுமா? தடையில்லாமல் போக முடிந்தால், அவர் இருப்பது அவர் விருப்பத்தால். முடியாது என்றால், தடுப்பது எது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அது பூட்டாக இருக்காது. பிடித்து வைத்த கூலியாக, தீராத அட்வான்ஸாக, மேலாளர் மேசையில் கிடக்கும் ஆதார் அட்டையாக, புரோக்கருக்குக் கொடுக்க ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனாக இருக்கும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. ஏமாற்றி அழைத்து வருவது, நடமாட்டத்தைத் தடுப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, சான்றுகளைப் பறித்து வைப்பது, கடனில் பிணைப்பது, அளவுக்கு மீறிய ஓவர்டைம் எல்லாம் அதில் வருகின்றன. உலகத்தில் 2021-இல் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாக அதே அமைப்பின் மதிப்பீடு.

நம் தொழிலில் இதன் பெயர் எல்லோருக்கும் தெரியும். சுமங்கலித் திட்டம். தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம், தேனி, திண்டுக்கல் என்று மழை பொய்த்த ஊர்களில் இருந்து, பதினாலு பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகளைக்கூட நூல் மில்களுக்கு அழைத்து வந்தார்கள். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால், கடைசியில் முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. கல்யாணத்துக்கு ஆகும் என்று பெற்றோரிடம் சொன்னார்கள். வரதட்சணை 1961-இலேயே தடை செய்யப்பட்ட நாட்டில், வரதட்சணைப் பயத்தையே முதலாக வைத்து ஆள் சேர்த்தார்கள். அந்தத் தொகை அவளுடைய கூலியில் இருந்து மாதாமாதம் பிடித்து வைத்ததுதான். மூன்றாம் வருடம் முடியும் முன் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனவள் அதைப் பார்க்காமலே போனதும் உண்டு. வெளியே போகத் தடை, போனுக்குத் தடை, வீட்டார் வந்து பார்க்கவும் கெடுபிடி.

நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, இந்தியா கமிட்டி ஆஃப் நெதர்லாந்து ஆகிய அமைப்புகள் 2011-இலும் 2014-இலும் வெளியிட்ட அறிக்கைகள் இதை உலகத்தின் முன் வைத்தன. நம் ஊரில் அன்று பலருக்கும் கோபம் வந்தது. வெளிநாட்டுக்காரன் நம் தொழிலைக் கெடுக்கிறான் என்ற பேச்சு எழுந்தது. அந்தக் கோபம் மில் ஹாஸ்டலில் இருந்த பிள்ளைகளுக்காக வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் நூற்ற நூல்தான் நம் நிட்டிங் மெஷினில் ஓடியது. ஹாஸ்டல்களைப் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2014-இல் சட்டம் இயற்றியது. திட்டத்தின் பெயர் விளம்பரங்களில் இருந்து மறைந்துவிட்டது. கூலியைப் பிடித்து வைத்து ஆளை நிறுத்தும் பழக்கம் மறைந்துவிட்டதா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது.

பணத்தால் ஆளைக் கட்டி வைப்பதற்கு நம் இனத்தின் நினைவிலேயே பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தில் போனார்கள். அந்தக் கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், துண்டில் உள்ள கடனைப் புதுத் துரை கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். தொழிலாளி இடம் மாறினார், கடன் கூடவே வந்தது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களை அறிந்தவர்களுக்கு இது புதுக் கதையாக இருக்காது. அங்கே அட்வான்ஸைப் பாக்கி என்பார்கள். தறிக்காரர் கொடுத்த பாக்கியை அடுத்த தறிக்காரர் தீர்த்துவிட்டு ஆளை அழைத்துக்கொள்வார். பவானி, குமாரபாளையம் தறித் தொழிலை ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவே 1999-இல் எழுதிய கட்டுரையில், பாக்கி கொடுத்த முதலாளிகளின் புலம்பலையும் பதிவு செய்திருக்கிறார். பணமும் முடங்குகிறது, ஆளும் நிற்பதில்லை என்பது அவர்கள் குறை. ஆளைக் கட்டிப்போடக் கொடுத்த பணம் கொடுத்தவரையும் சேர்த்தே கட்டுகிறது.

இதைச் சொன்னால் சிலர் கேட்பார்கள்: ஆஸ்பத்திரிச் செலவுக்கு, ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்கு, சீர் செய்ய, அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கக் கூடாதா? தாராளமாகக் கொடுங்கள். நம் ஊரில் சின்ன முதலாளி கொடுக்கும் அட்வான்ஸ் பலர் வீட்டில் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. வங்கி வாசலில் நிற்க முடியாதவருக்கு அதுதான் வங்கி. அதைப் பூட்டாக்கிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். எவ்வளவு கொடுத்தோம், வாரம் எவ்வளவு பிடிக்கிறோம், எப்போது தீரும் என்று அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு சீட்டு எழுதி அவரிடம் ஒன்று கொடுங்கள். வட்டி வேண்டாம். பிடித்தம் போக வீட்டுக்குப் போதுமான கூலி கையில் நிற்க வேண்டும். பாக்கி இருக்கும்போதே அவர் போக நினைத்தால் போகட்டும். பணம் வர வேண்டியது பணமாகவே இருக்கட்டும். அதற்கு ஈடாக ஆளையோ, அவர் மனைவியையோ, தம்பியையோ வேலையில் நிறுத்தினால் அங்கே கொத்தடிமை முறை தொடங்கிவிடுகிறது.

வெளி மாநிலத் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்து நம் லைன்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் அவர்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, எத்தனை பேர் பயந்துபோய்த் திருப்பூர் ஸ்டேஷனில் நின்றார்கள் என்பதை நாம் பார்த்தோம். பொய் என்று அதிகாரிகள் சொன்னதைவிட, நம்பிக்கையான ஒரு முதலாளியோ சூப்பர்வைசரோ சொன்ன வார்த்தைதான் பலரை இங்கே நிறுத்தியது என்று நினைக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நாம் நடக்க வேண்டும்.

புதிதாக ஒருவர் வந்து சேரும் முதல் நாளே மெதுவாகக் கேளுங்கள்: இங்கே வர யாருக்கு எவ்வளவு கொடுத்தாய், கடன் வாங்கினாயா, ஊரில் என்ன கூலி என்று சொன்னார்கள்? ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன் தர வேண்டியது வேலை கொடுக்கும் நாம். அது அவர் கூலியில் இருந்து போகக் கூடாது. ஆதாரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அந்த நிமிடமே கையில் கொடுத்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது தவறுதான். ஏடிஎம் கார்டுக்கும் இதேதான். காண்ட்ராக்டர் மூலம் வருபவர்களுக்கு நாம் கொடுக்கும் கூலி முழுதாகப் போய்ச் சேருகிறதா என்று சனிக்கிழமை நீங்களே நின்று பாருங்கள். இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். புது ஆள் ஓடிவிடுவார் என்று ஒரு வாரக் கூலியைக் கைவசம் பிடித்து வைப்பதைப் பலர் தவறாகவே நினைப்பதில்லை. அவர் உழைத்து முடித்த காசு அது. பிடித்து வைக்க நமக்கு உரிமை கிடையாது.

தங்கும் அறை உங்கள் பொறுப்பில் இருந்தால், இரவில் வெளிப்பக்கம் பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்தாலே போதும்.

ஷிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். காலை எட்டரைக்குத் தொடங்கி ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று நள்ளிரவு வரை ஓட்டுவது நம் ஊரில் பழகிவிட்டது. கூடுதல் காசு வரும் என்று தொழிலாளர்களே விரும்பிச் செய்வதும் உண்டு. பார்க்க வேண்டியது, முடியாது என்று சொன்னவருக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான். கண்டெய்னர் கிளம்பும் நாளில் முடியாது என்ற பெண்ணுக்கு மறுநாள் வேலை இல்லை என்றால், அல்லது வாய்க்கு வந்தபடி திட்டு விழுகிறது என்றால், அந்த ஓவர்டைம் விருப்பத்தோடு நடந்தது என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

நமக்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது. பிசிறு வெட்ட, பட்டன் கட்ட, பீஸைப் பிரிக்க மூட்டை மூட்டையாக வீடுகளுக்குப் போகிறது. அங்கே பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் உட்கார்ந்து செய்கிறார்களா? பீஸ் ரேட் ஒரு ஆள் கூலிக்குக் கட்டுமா, இல்லை வீடே சேர்ந்து செய்தால்தான் கட்டும் என்ற கணக்கில் போட்டிருக்கிறோமா? மேலேயும் ஒரு படி இருக்கிறது. சொந்தமாக நூல் வாங்கி லோக்கல் பிராண்டு போடுபவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். மில்லில் கவுண்ட் கேட்கிறோம், ரேட் கேட்கிறோம், எத்தனை நாள் கிரெடிட் என்று கேட்கிறோம். உங்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாமா, கூலி அவர்கள் சொந்தக் கணக்குக்குப் போகிறதா, வருட முடிவில் மொத்தமாகத் தருகிறேன் என்று ஏதாவது பிடித்து வைக்கிறீர்களா என்றும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பத்து பேர் கேட்டால் பதில் தயாராகும்.

தவறு கண்ணில் பட்டால் உடனே கைகழுவிவிடுவது சரியான வழி இல்லை. சின்னப் பையன் ஒருவன் வேலையில் இருக்கிறான் என்று தெரிந்ததும் பின்கதவு வழியாக அனுப்பிவிட்டால், அடுத்த தெருவில் இதைவிட மோசமான இடத்தில் சேருவான். அவன் பள்ளிக்குப் போவதற்கும், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அந்த வேலை கிடைப்பதற்கும் வழி பார்க்க வேண்டும். ஜாப் ஒர்க் இடத்தில் குறை இருந்தால் திருத்த நாள் கொடுங்கள், கூட நின்று திருத்துங்கள். ஆளை அடைத்து வைப்பது, அடிப்பது, பெண்களிடம் அத்துமீறுவது போன்ற குற்றங்களுக்கு நாள் கொடுக்க முடியாது. அவை போலீசுக்கும் கலெக்டருக்கும் போக வேண்டியவை.

மூடி மறைத்தால் என்ன ஆகும், திறந்து திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அருகிலேயே பாடம் இருக்கிறது. 2021 ஜனவரியில், திருப்பூர் நிறுவனம் ஒன்றின் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அங்கே சூப்பர்வைசராக இருந்தவர் கைதானார். அந்தப் பெண் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருந்தார் என்று உடன் வேலை பார்த்தவர்களும் குடும்பத்தாரும் சொன்னார்கள். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த யூனியனும், ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் போன்ற அமைப்புகளும், நிறுவனமும், எச் அண்ட் எம் பிராண்டும் சேர்ந்து திண்டுக்கல் ஒப்பந்தம் செய்தார்கள். தையல் லைனில் இருக்கும் தொழிலாளர்களே பயிற்சி பெற்று, தொந்தரவுகளைக் கவனித்துச் சொல்லும் ஏற்பாடு அதில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருந்ததாகச் சொல்லி அந்தத் தொழிற்சாலையின் சரக்கைத் தடுத்தது. செப்டம்பர் தொடக்கத்தில் தடை விலகியது. இவ்வளவு விரைவாக விலகியதற்கு அங்கே ஏற்கனவே திருத்தம் நடந்துகொண்டிருந்தது பெரிய காரணம். யூனியனைக் கண்டாலே பயப்படும் நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் புகார் அவர் உயிரோடு இருந்தபோதே ஒருவர் காதில் விழுந்திருந்தால், ஒரு வீட்டின் மகள் இன்று இருந்திருப்பார்.

படிவம் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்தும் வாசகர்களே, நீங்களும் பையராலும் பிராண்டாலும் நெருக்கப்படுகிறீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பட்ட பாடு எங்களுக்கும் தெரியும். ஆனால் ஜாப் ஒர்க் பில்லை மூன்று மாதம், நாலு மாதம் இழுத்துவிட்டு, உங்கள் தொழிலாளிக்குச் சனிக்கிழமை கூலி போகிறதா என்று படிவத்தில் கேட்டால் அவர் என்ன பதில் எழுதுவார்? சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-இன் சட்டமே சொல்கிறது. பீஸுக்குச் சில பைசா குறைத்துப் பேசும்போது அந்தப் பைசா கடைசியில் யார் கூலியில் இருந்து போகிறது என்பதையும் நினையுங்கள். படிவத்தைத் தமிழில் அனுப்புங்கள். நேரில் ஒருநாள் வந்து உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் திருத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் சாயப்பட்டறை அனுபவமே பதில். நொய்யல் ஆற்றில் கழிவைக் கலந்ததற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னபோது, திருப்பூர் இதோடு முடிந்தது என்றார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், நம் வீரபாண்டியில் உள்ளதும் சேர்த்து, ஒரு சொட்டு வெளியே விடாத முறைக்கு மாற வேண்டி வந்தது. செலவு கடுமையாக இருந்தது, பலர் தொழிலையே விட்டார்கள், வேதனைகள் இருந்தன. ஆனாலும் தொழில் நிலைத்து நின்றது. இன்று நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரில் இருந்து போகிறது. அந்த வேலையைக் கோர்ட் சொல்லும் வரை தள்ளிப்போட்டோம். இதையாவது நாமே முன்வந்து செய்ய வேண்டும். அதற்குப் பெரிய பிளான்ட் வேண்டாம், கடன் வேண்டாம். சீட்டு, பேனா, சனிக்கிழமை ஒரு மணி நேரம் போதும்.

உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. கொத்தடிமை நிலையில் யாராவது இருப்பது தெரிந்தால் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ சொல்லலாம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வு உதவியும் உண்டு. இந்த எண்களைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பெரிய எழுத்தில் எழுதி, உங்கள் கம்பெனியில் எல்லோரும் சாப்பிட உட்காரும் இடத்தில் ஒட்டுங்கள். முதலாளிகள் மட்டுமல்ல, தொழிலாளர்களும் இதைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்